புரதத்தில் தொங்கும் வெல்லச் சங்கிலி: வரைந்தும் அழித்தும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு டீஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் என்ற வரிசை மனப்பாடம். ஆனால் கலத்தைவிட்டு வெளியே வரும் புரதங்களில் பெரும்பாலானவை வெறுமையாக வருவதில்லை. அவற்றின்மேல் வெல்லச் சங்கிலிகள் தொங்கிக்கொண்டிருக்கும். ரியூசன் வகுப்பில், கலத்தில் புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும் கொல்கி பற்றிச் சொல்லும்போது இது ஒரு வசனத்தில் கடந்து போய்விடும். பிறகு பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனம் எடுத்தால் அதே விஷயம் நொதியப் பெயர்களும் எண்களும் நிறைந்த ஒரு பெரிய வரைபடமாக, அதுவும் ஆங்கிலத்தில், முன்னால் வந்து நிற்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு அந்த வரைபடத்தைப் பார்த்து மலைக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தைக் கட்டமைப்புகளின் பட்டியலாகப் படித்தால் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடும். இதை ஒரு பாதையாகப் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். புரதத்தின் அமினோ அமில வரிசைக்குப் பரம்பரையலகில் ஓர் அச்சு இருக்கிறது. வெல்லச் சங்கிலிக்கு அப்படி எந்த அச்சும் கிடையாது. புரதம் எந்த அறையினூடாகப் போனது, அங்கே எந்த நொதியம் இருந்தது, அதற்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பவைதான் சங்கிலியின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் சங்கிலியைப் பார்த்தால் புரதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்லலாம். போன தூரம் தெரிந்தால் சங்கிலியை ஊகிக்கலாம்.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கொழும்பில் சீனி வருத்தம் உள்ள எல்லோருக்கும் எச்பிஏ1சி பரிசோதனை தெரியும். அங்கேயும் புரதத்தில் வெல்லம் ஒட்டுகிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது, ஹீமோகுளோபினின் பீற்றா சங்கிலி தொடங்கும் இடத்திலுள்ள வேலினில் அது தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். நொதியம் தேவையில்லை, ஒழுங்கும் இல்லை. செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டுகிறது. நாம் இங்கே பேசப்போவது அது அல்ல. நொதியங்கள் குறித்த இடத்தில், குறித்த வரிசையில் கட்டுகிற சங்கிலியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஆயத்தம்: குறிகள்

ஒரு ஏ4 தாள், பென்சில், கலர் பென்சில்கள், நல்லதொரு அழிறப்பர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அழிறப்பர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தில் பாதி அழிப்பதுதான்.

உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் பொதுவாக ஒரே குறிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். வட்டம் என்றால் ஆறு காபன் கொண்ட சாதாரண வெல்லம்: நீல வட்டம் குளுக்கோஸ், பச்சை வட்டம் மனோஸ், மஞ்சள் வட்டம் கலக்டோஸ். சதுரம் என்றால் அதே வெல்லத்தில் அசற்றைல் அமைன் கூட்டம் சேர்ந்தது: நீலச் சதுரம் என்-அசற்றைல்குளுக்கோசமைன், மஞ்சள் சதுரம் என்-அசற்றைல்கலக்டோசமைன். ஆய்வுகூடத்தில் இவற்றைக் கிளிக்நாக், கல்நாக் என்று சுருக்கிவிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். சிவப்பு முக்கோணம் பியூக்கோஸ். ஊதா நிறச் சாய்சதுரம் சியாலிக் அமிலம். இந்த ஏழும் போதும்.

வெல்லங்களுக்கு இடையில் வரும் பிணைப்பையும் கவனிக்க வேண்டும். அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சேரும். வெல்லத்திலோ பல ஐதரொட்சில் கூட்டங்கள் இருப்பதால் எதில் வேண்டுமானாலும் அடுத்தது சேரலாம், ஒரே வெல்லத்திலிருந்து இரண்டு மூன்று கிளைகளும் பிரியலாம். அதனால்தான் அல்பா 1,3 என்றும் பீற்றா 1,4 என்றும் எண்கள் வருகின்றன. முதல் எண் வந்து சேரும் வெல்லத்தின் காபன், இரண்டாவது ஏற்கும் வெல்லத்தின் காபன். எல்லாப் பிணைப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். தேவையானதை நான் சொல்லும் இடத்தில் கோட்டின் மேல் எழுதிவிடுங்கள்.

படி 1: ஒட்டும் இடத்தைத் தேடுங்கள்

சங்கிலி புரதத்தோடு சேரும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. அஸ்பரஜினின் நைதரசனில் சேர்ந்தால் என்-வகை. செரின் அல்லது திரியோனினின் ஒட்சிசனில் சேர்ந்தால் ஓ-வகை. முதலில் என்-வகையைப் பார்ப்போம், அதற்குத்தான் தெளிவான விதி இருக்கிறது.

விதி இதுதான்: அஸ்பரஜின், அடுத்து ஏதாவது ஓர் அமினோ அமிலம், அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின். நடுவில் இருப்பது புரோலினாக மட்டும் இருக்கக்கூடாது. அஸ்பரஜின்–கிளைசின்–திரியோனின் என்று கண்டால் வட்டம் போடுங்கள். அஸ்பரஜின்–புரோலின்–செரின் என்று கண்டால் விட்டுவிடுங்கள். மூன்றாவது இடத்தில் செரினைவிடத் திரியோனின் இருந்தால் ஒட்டும் வாய்ப்பு கூட.

இந்த வரிசை இருந்தால் ஒட்ட முடியும் என்றுதான் அர்த்தம், கட்டாயம் ஒட்டும் என்றல்ல. கலத்தில் புரதம் மடியும் அறையான அகமுதலுருச் சிறுவலைக்குள் புரதம் போகாவிட்டால் வரிசை இருந்தும் பயனில்லை. மடிப்பு முந்திக்கொண்டு அந்த இடத்தை மூடிவிட்டாலும் அப்படித்தான். கணினியில் தேடி வரும் எல்லா இடத்திலும் சங்கிலியை வரைந்துவிடுவது மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி வரும் பிழை.

படி 2: 14 வெல்லத்தையும் வரையுங்கள்

கலம் சங்கிலியைப் புரதத்தின்மேல் ஒவ்வொன்றாகக் கட்டுவதில்லை. முதலில் வேறொரு இடத்தில் முழுதாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. அந்த இடம் அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வில் பதிந்திருக்கும் டொலிக்கோல் என்ற நீண்ட கொழுப்பு மூலக்கூறு. இரண்டு பொஸ்பேற்றுக்கள் நடுவில் நின்று டொலிக்கோலையும் முதல் வெல்லத்தையும் இணைக்கும்.

தாளின் அடியில் ஒரு நீலச் சதுரம் போடுங்கள். அதன்மேல் இன்னொரு நீலச் சதுரம். அதன்மேல் ஒரு பச்சை வட்டம். இந்தப் பச்சை வட்டத்திலிருந்து இரண்டு கைகள் பிரியும்: இடப்பக்கம் அல்பா 1,3 கை, வலப்பக்கம் அல்பா 1,6 கை, இரண்டிலும் ஒவ்வொரு பச்சை வட்டம். இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் அடிமரம். இதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு வையுங்கள், கடைசிவரை இது அழியாது.

இனி 1,3 கையின்மேல் இன்னும் இரண்டு பச்சை வட்டங்களை வரிசையாக வையுங்கள். இரண்டு பிணைப்பும் அல்பா 1,2. இதுவரை 2 சதுரம், 5 வட்டம். இவ்வளவும் சிறுவலையின் வெளிப்பக்கத்தில், அதாவது குழியவுருவை நோக்கிய பக்கத்தில், யூடிபி, ஜிடிபி என்ற நியூக்கிளியோடைட்டுகள் ஏற்றிக் கொண்டுவரும் வெல்லங்களால் கட்டப்படுகிறது. வெல்லத்தை இப்படி நியூக்கிளியோடைட்டில் ஏற்றித்தான் கலம் பயன்படுத்துகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஆர்ஜென்டினாவின் லூயிஸ் லெலோயருக்கு 1970 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நிலையில் முழுச் சங்கிலியும் மென்சவ்வைக் கடந்து உட்பக்கம் புரட்டப்படுகிறது. உள்ளே வேலை தொடர்கிறது. 1,6 கையின் பச்சை வட்டத்திலிருந்து மறுபடி இரண்டு கிளைகள்: ஒன்று அல்பா 1,3, மற்றது அல்பா 1,6. ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை வட்டம், அதன் நுனியில் அல்பா 1,2 ஆக இன்னொன்று. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 9 மனோஸ் வந்திருக்க வேண்டும். கடைசியாக இடப்பக்க 1,3 கையின் நுனியில் மூன்று நீல வட்டங்கள், அதாவது மூன்று குளுக்கோஸ். இப்போது எண்ணினால் 2 கிளிக்நாக், 9 மனோஸ், 3 குளுக்கோஸ், ஆக 14.

இடமிருந்து வலமாக நுனிகளுக்கு ஏ, பீ, சீ என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த படிகளில் இந்தப் பெயர்கள் உதவும்.

முதல் கிளிக்நாக்கை டொலிக்கோலில் வைக்கும் நொதியத்தை டியூனிகாமைசின் தடுக்கும். என்-வகைச் சங்கிலி இல்லாவிட்டால் ஒரு புரதத்துக்கு என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிற ஆய்வாளர் முதலில் தேடுவது இதைத்தான். ஆனால் கலத்தில் எல்லாப் புரதமும் ஒரேயடியாகப் பாதிக்கப்படும் என்பதால் அதன் முடிவுகளை அவதானமாகத்தான் வாசிக்க வேண்டும்.

படி 3: ஒரேயடியாக ஒட்டுங்கள்

இரைபோசோமிலிருந்து புரதம் சிறுவலைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அஸ்பரஜின் வரிசை கண்ணில் பட்டதும், ஒலிகோசக்கரைல் இடமாற்றி என்ற நொதியத் தொகுதி 14 வெல்லத்தையும் டொலிக்கோலிலிருந்து பிடுங்கி அஸ்பரஜினில் வைத்துவிடும். மனிதக் கலத்தில் இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று புரதம் உள்ளே வரும்போதே வேலை செய்யும், மற்றது முதலாவது தவறவிட்ட இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளும். தாளில் நீங்கள் செய்ய வேண்டியது, அடிச் சதுரத்துக்குக் கீழே டொலிக்கோல் என்று எழுதியதை அழித்துவிட்டு அஸ்பரஜின் என்று எழுதுவது மட்டும்தான்.

படி 4: குளுக்கோஸை அழியுங்கள், மறுபடி வரையுங்கள்

இந்தப் படியில்தான் நிதானிக்க வேண்டும். மூன்று குளுக்கோஸை வேலை மெனக்கெட்டு வைத்துவிட்டு உடனே எடுப்பதில் என்ன அர்த்தம் என்று பலருக்கும் சந்தேகம் வரும். அர்த்தம் இருக்கிறது.

வெளிக் குளுக்கோஸை ‘குளுக்கோசிடேஸ் ஒன்று’ என்ற நொதியம் வெட்டும். அடுத்ததைக் ‘குளுக்கோசிடேஸ் இரண்டு’ என்ற நொதியம் வெட்டும். இப்போது ஒரேயொரு நீல வட்டம் மிச்சம். இந்த ஒற்றைக் குளுக்கோஸைப் பிடித்துக்கொள்ளத்தான் கல்நெக்சின், கல்ரெட்டிகுலின் என்ற இரண்டு புரதங்கள் சிறுவலையில் காத்திருக்கின்றன. கல்நெக்சின் மென்சவ்வில் பதிந்தது, கல்ரெட்டிகுலின் சுதந்திரமாகத் திரிவது. இவை புதுப் புரதத்தைப் பிடித்துவைத்து, கூடவே ஈஆர்பி57 என்ற நொதியத்தையும் அழைத்து, இருசல்பைட்டுப் பிணைப்புகளைச் சரியாகப் போட்டு மடிய உதவும்.

பிறகு அதே குளுக்கோசிடேஸ் இரண்டு கடைசிக் குளுக்கோஸையும் வெட்டிவிடும். புரதம் விடுபடும். சரியாக மடிந்திருந்தால் அது போகலாம். சரியாக மடியாமல், நீர்வெறுக்கும் பகுதிகள் வெளியே தெரிந்தால்? யூஜிஜிடி என்ற நொதியம் அதைக் கண்டுபிடித்து, ஒரு குளுக்கோஸை மறுபடி அதே இடத்தில் வைத்துவிடும். புரதம் திரும்பவும் கல்நெக்சினிடம் போகும். திருத்தம் செய்யாத கொப்பிக்குக் கையொப்பம் வைக்காமல் திருப்பிக் கொடுக்கிற ரீச்சரைப் போன்றது இந்த நொதியம். அது தானாக எதையும் திருத்தாது. சரியில்லை என்று அடையாளம் மட்டும் வைக்கும். லெலோயரின் ஆய்வுகூடத்தில் பயின்ற ஆர்மாண்டோ பரோடியின் வேலைதான் இந்த நொதியத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆரி ஹெலேனியஸின் குழு கல்நெக்சின் சுற்றை விளக்கியது.

தாளில் ஏ நுனியின் நீல வட்டங்களை இரண்டு தடவையில் அழியுங்கள். கடைசி வட்டத்தை மட்டும் மூன்று நான்கு தரம் அழித்து வரையுங்கள். அந்த இடத்தில் தாள் கொஞ்சம் தேய்ந்து போனாலும் பரவாயில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தப் படி நேரடியாகப் பொருந்தும் ஓர் உதாரணம் டெங்கு. டெங்கு வைரஸிடம் சொந்தமாக வெல்லத் தொழிற்சாலை கிடையாது. அதன் மேலுறைப் புரதமான ஈ-யும், காய்ச்சல் வந்ததும் நாம் இரத்தம் கொடுத்துப் பார்க்கும் என்எஸ்1 புரதமும் நம் கலத்தின் சிறுவலையிலேயே 14 வெல்லத்தையும் ஏற்றுக்கொண்டு, இதே குளுக்கோசிடேஸ்களையும் கல்நெக்சினையும் நம்பித்தான் மடிகின்றன. ஈ புரதத்தில் 67 ஆம், 153 ஆம் அஸ்பரஜின்களில் சங்கிலி உண்டு. என்எஸ்1 இல் 130 இலும் 207 இலும். அப்படியானால் குளுக்கோசிடேஸைத் தடுத்தால் வைரஸ் முடங்குமா? ஆய்வுகூடக் கலங்களில் முடங்கியது. அவுஸ்திரேலிய மரமொன்றின் விதையிலிருந்து வந்த காஸ்டனோஸ்பெர்மின் அப்படிப்பட்ட தடுப்பி. அதிலிருந்து செய்த செல்கோசிவிர் என்ற மருந்தைச் சிங்கப்பூரில் டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2014 இல் வெளிவந்தது: மருந்து பாதுகாப்பாக இருந்தது, ஆனால் வைரஸின் அளவையோ காய்ச்சலையோ குறிப்பிடத்தக்கவாறு குறைக்கவில்லை. காய்ச்சல் காய்ந்து நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும் நேரத்தில் வைரஸ் ஏற்கனவே பெருகி முடிந்திருப்பது இந்த வகை மருந்துகளுக்குப் பெரிய சவால்.

படி 5: மடியாத புரதத்தின் கணக்கைத் தீருங்கள்

ஒரு புரதம் எவ்வளவு சுற்றியும் மடியாவிட்டால் அதை எந்நேரமும் சிறுவலையில் வைத்திருக்க முடியாது. அதற்கான கடிகாரம் மனோஸில் இருக்கிறது. சிறுவலை மனோசிடேஸ் மிக மெதுவாக வேலை செய்யும். முதலில் பீ நுனியின் மனோஸை வெட்டும். சீக்கிரம் மடிந்து வெளியேறும் புரதத்தில் பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கும். அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் புரதத்திலோ எடெம் குடும்ப நொதியங்கள் இன்னும் வெட்டி, சீ நுனியின் அடியிலுள்ள அல்பா 1,6 மனோஸை வெளிப்படுத்திவிடும். அந்த மனோஸைக் கண்டதும் புரதத்தை மென்சவ்வினூடாகக் குழியவுருவுக்கு வெளியேற்றி, யூபிகுயிட்டின் என்ற அடையாளப் புரதத்தை ஒட்டி, புரதங்களைச் சிதைக்கும் தொகுதியான புரோட்டியசோமில் கலம் சிதைத்துவிடும். என்கிளை1 என்ற நொதியம் சங்கிலியை அஸ்பரஜினிலிருந்து கழற்றிவிடும். அந்த நொதியம் பிறப்பிலேயே இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வளர்ச்சி பின்தங்கும், அழும்போது கண்ணீர் வருவதே குறைவு.

படி 6: கொல்கியில் அழித்து, புதிதாக வரையுங்கள்

சரியாக மடிந்த புரதம் 8 அல்லது 9 மனோஸோடு கொல்கிக்குள் நுழைகிறது. இங்கே மனோசிடேஸ் ஒன்று வகை நொதியங்கள் அல்பா 1,2 மனோஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடும். ஏ நுனியில் இரண்டு, பீயில் ஒன்று, சீயில் ஒன்று. மிச்சம் 5 மனோஸ்.

படி 2 இல் மென்சவ்வைப் புரட்டும்போதும் 5 மனோஸ்தான் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. அப்போது இருந்த ஐந்தில் மூன்று இடப்பக்கக் கையில் நின்றன. இப்போது மூன்று வலப்பக்கக் கையில் நிற்கின்றன. திணிவு ஒன்றுதான், வடிவம் வேறு, சமபகுதியங்கள். வரையாமல் படித்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே வராது.

இனி ஒரு திருப்பம். ஜிஎன்டி ஒன்று என்ற நொதியம் இடப்பக்க 1,3 மனோஸில் ஒரு கிளிக்நாக்கை வைக்கும். அது வைக்கப்பட்டால்தான் மனோசிடேஸ் இரண்டு வந்து வலப்பக்கக் கையின் இரண்டு வெளி மனோஸ்களையும் வெட்டும். வெட்டினால்தான் ஜிஎன்டி இரண்டு வலப்பக்கக் கையிலும் ஒரு கிளிக்நாக்கை வைக்க முடியும். ஒன்றின் வேலை அடுத்ததற்கு அனுமதி. அச்சு இல்லாமலே ஒழுங்கு எப்படி வருகிறது என்பதற்கான பதில் இந்த ஒரு பந்தியில் இருக்கிறது.

எந்த இடத்தில் பயணம் நின்றது என்பதைப் பொறுத்து மூன்று வகை கிடைக்கும். மனோஸ் மட்டும் நிறைந்திருந்தால் அதிமனோஸ் வகை. ஒரு கையில் மனோஸ் அப்படியே இருந்து மற்றக் கையில் கிளிக்நாக் வளர்ந்திருந்தால் கலப்பு வகை. இரண்டு கையிலும் கிளிக்நாக் வளர்ந்திருந்தால் சிக்கல் வகை. 14 இல் 9 ஐ வெட்டி, கட்டம் போட்ட ஐந்தின் மேல் புதிதாகக் கட்டியிருக்கிறோம். ஜிஎன்டி நான்கும் ஐந்தும் சேர்ந்தால் கைகள் மூன்றாக, நான்காகப் பெருகும்.

ஒரு பக்கப்பாதையையும் குறித்துக்கொள்ளுங்கள். கலத்தின் செரிமான அறையான இலைசோசோமுக்குப் போக வேண்டிய நொதியங்களின் மனோஸில் கொல்கியின் நுழைவாயிலிலேயே பொஸ்பேற்று வைக்கப்படும். ‘மனோஸ்-6-பொஸ்பேற்று வாங்கி’ என்ற புரதம் அதைப் பிடித்து இலைசோசோமுக்கு அனுப்பும். பொஸ்பேற்று வைக்கும் நொதியம் இல்லாத ஐ-செல் நோயில் அந்த நொதியங்கள் எல்லாம் விலாசம் தெரியாமல் இரத்தத்தில் கொட்டுப்படும், இலைசோசோம் செரிக்காத பொருட்களால் நிரம்பும்.

படி 7: நுனிகளை முடியுங்கள்

ஒவ்வொரு கிளிக்நாக்கின் மேலும் ஒரு மஞ்சள் வட்டம், அதன்மேல் ஓர் ஊதாச் சாய்சதுரம். அடிச் சதுரத்தின் பக்கவாட்டில் அல்பா 1,6 ஆக ஒரு சிவப்பு முக்கோணம் வரலாம், வராமலும் இருக்கலாம். வரைவதற்கு ஒரு நிமிடம். ஆனால் மருந்துத் துறையில் கோடிக்கணக்கான பணம் இந்த நுனிகளில்தான் கிடக்கிறது.

டயலிசிஸ் செய்யும் நோயாளிகளுக்குச் செங்குழியம் உண்டாவதைத் தூண்டப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசியை எடுங்கள். 165 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதம் அது; மூன்று என்-வகைச் சங்கிலி, ஒரு ஓ-வகைச் சங்கிலி. மொத்தத் திணிவில் ஏறக்குறைய 40 சதவீதம் வெல்லம். நுனியிலுள்ள சியாலிக் அமிலம் கழன்றால் கீழேயுள்ள கலக்டோஸ் வெளியே தெரியும். அதைக் கண்டதும் ஈரலிலுள்ள ஆஷ்வெல்–மோரெல் வாங்கி புரதத்தை இரத்தத்திலிருந்து இழுத்துவிடும். ஆகவே சியாலிக் அமிலம் இல்லாத எரித்ரோபொயட்டின் ஆய்வுகூடத் தட்டில் வேலை செய்யும், உடம்பில் நிலைக்காது. இதே அறிவை மறுபக்கம் திருப்பி, அமினோ அமிலங்களை மாற்றி இரண்டு புது அஸ்பரஜின் வரிசைகளைச் சேர்த்தார்கள். ஐந்து என்-வகைச் சங்கிலியோடு வந்த அந்த மருந்துதான் டார்பெபொயட்டின். இரத்தத்தில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் நிற்கும், ஊசி போடும் தடவை குறையும்.

இன்சுலினில் வெல்லச் சங்கிலி கிடையாது, அதனால் பற்றீரியாவிலேயே செய்யலாம். எரித்ரோபொயட்டினை அப்படிச் செய்ய முடியாது. மதுவம் மனோஸை மேலும் மேலும் நீட்டிக்கொண்டே போகும். அதனால்தான் சீன ஹம்ஸ்டரின் சூலகக் கலங்களை வளர்த்து அதில் செய்கிறார்கள்.

சிவப்பு முக்கோணத்தின் கதையும் சுவையானது. ஐஜிஜி பிறபொருளெதிரியின் 297 ஆவது அஸ்பரஜினில் உள்ள சங்கிலியில் அந்த பியூக்கோஸ் இல்லாவிட்டால், கொல்லி வெண்குழியங்கள் பிறபொருளெதிரியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், புற்றுக்கலத்தைக் கொல்லும் திறன் கூடும். ஒபினுடுசுமாப் என்ற பிறபொருளெதிரி மருந்தைச் செய்யும் கலங்களில் ஜிஎன்டி மூன்று என்ற நொதியத்தைக் கூட்டினார்கள். அது நடு மனோஸில் ஒரு கிளிக்நாக்கை முந்திக்கொண்டு வைத்துவிட, பியூக்கோஸ் வைக்கும் நொதியத்துக்கு இடம் கிடைப்பதில்லை. பாதையைத் திருப்பினால் சங்கிலி திரும்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஓ-வகையும் உங்கள் இரத்த வகையும்

ஓ-வகைக்கு 14 வெல்லமும் இல்லை, வெட்டுவதும் இல்லை, தெளிவான வரிசை விதியும் இல்லை. கொல்கியில் செரின் அல்லது திரியோனினில் ஒரு கல்நாக், பிறகு ஒவ்வொன்றாக மேலே. சளியிலுள்ள மியூசின்கள் முழுக்க இப்படித்தான்.

நுனி வெல்லம் எவ்வளவு முக்கியம் என்பதை நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்கு இரத்தம் கொடுக்கப் போனவர்கள் எல்லோரும் தெரியாமலே பார்த்திருக்கிறார்கள். செங்குழியத்தின் மேலுள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் தொங்கும் சங்கிலிகளின் நுனிக் கலக்டோஸில் ஒரு பியூக்கோஸ் சேர்ந்தால் அது எச். அதன்மேல் கல்நாக் வைத்தால் ஏ, கலக்டோஸ் வைத்தால் பி, ஒன்றும் வைக்காவிட்டால் ஓ. ஏ நொதியத்துக்கும் பி நொதியத்துக்கும் வித்தியாசம் நான்கே அமினோ அமிலம்தான். இரத்தம் மாறி ஏற்றினால் உயிர் போகும் விஷயம், வேதியியலில் பார்த்தால் ஓர் அசற்றைல் அமைன் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

எச் பியூக்கோஸே வைக்க முடியாதவர்களும் உண்டு. 1952 இல் பம்பாயில் முதலில் கண்டறியப்பட்டதால் பம்பாய் வகை என்கிறார்கள். சாதாரணப் பரிசோதனையில் இவர்கள் ஓ என்றே தெரிவார்கள். ஆனால் ஓ இரத்தத்தில் எச் இருப்பதால் அதையும் இவர்களுக்கு ஏற்ற முடியாது.

எச் இருக்கிறதா என்று பார்க்க உதவுவது ஒரு செடியின் விதைப் புரதம். அந்தச் செடி உலெக்ஸ் யூரோப்பியஸ், மஞ்சள் பூப்பூக்கும் ஐரோப்பிய முட்புதர். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் அதைப் பார்த்திருக்கலாம். அங்கே அது பரவிக்கொண்டிருக்கும் அந்நிய ஆக்கிரமிப்புச் செடி. ஏ வகைக்குள் ஏ1, ஏ2 என்று பிரிக்க உதவுவது கொள்ளு விதையின் புரதம். இப்படி வெல்லத்தைத் தெரிந்து பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். பலாக்கொட்டையிலும் ஒன்று இருக்கிறது, ஜக்கலின் என்பார்கள். அது கல்நாக்கின்மேல் கலக்டோஸ் உள்ள ஓ-வகைச் சங்கிலியைப் பிடிக்கும், ஆகவே ஐஜிஏ1 பிறபொருளெதிரியைப் பிரித்தெடுக்கப் பயன்படும்.

கடைசி வேலை: வரைந்தது சரியா என்று பார்ப்பது

முதல் வழி வெட்டிப் பார்ப்பது. ஒரே புரதத்தை மூன்று குழாயில் எடுங்கள். ஒன்றில் எதுவும் போடாதீர்கள், இரண்டாவதில் எண்டோ எச் என்ற நொதியம், மூன்றாவதில் பிஎன்கேஸ் எஃப் என்ற நொதியம். பிறகு ஜெல்லில் ஓட்டுங்கள், சங்கிலி கழன்று பாரம் குறைந்த புரதத்தின் பட்டி கூடக் கீழே இறங்கும். பிஎன்கேஸ் எஃப் மனிதக் கலத்தின் என்-வகைச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றும். தாவரப் புரதம் என்றால் அடிச் சதுரத்தில் 1,3 ஆக நிற்கும் பியூக்கோஸ் அதைத் தடுத்துவிடும். எண்டோ எச் அதிமனோஸையும் கலப்பு வகையையும் மட்டும் வெட்டும். மனோசிடேஸ் இரண்டு தன் வேலையை முடித்த பிறகு எண்டோ எச் செல்லாது. ஆகவே எண்டோ எச் போட்டும் பட்டி கீழே இறங்காவிட்டால் புரதம் கொல்கியின் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் மட்டும் இறங்கினால் ஒரே புரதத்தில் இரண்டு வகையும் இருக்கலாம். பாலூட்டிக் கலத்திலிருந்து வெளிவரும் டெங்கு என்எஸ்1 அப்படித்தான்: 130 இல் சிக்கல் வகை, 207 இல் அதிமனோஸ்.

இரண்டாவது வழி நிறுப்பது. திணிவு நிறமாலைமானியில் கழற்றிய சங்கிலியின் திணிவு வரும். வட்டம் ஒவ்வொன்றுக்கும் 162.05, சதுரத்துக்கு 203.08, சிவப்பு முக்கோணத்துக்கு 146.06, ஊதாச் சாய்சதுரத்துக்கு 291.10, கடைசியில் நீருக்காக 18.01. கொல்கியின் 5 மனோஸ் சங்கிலிக்கு ஐந்து வட்டமும் இரண்டு சதுரமும்: 810.26, 406.16, 18.01. மொத்தம் 1234.43. சோடியம் ஒட்டி வந்தால் 1257.42 இல் உச்சி தெரியும்.

இப்போது நீங்கள் வரைந்த முழுச் சங்கிலியைக் கூட்டுங்கள், பியூக்கோஸ் இல்லாமல்: ஐந்து வட்டம், நான்கு சதுரம், இரண்டு சாய்சதுரம். 2222.78 வர வேண்டும். வராவிட்டால் அநேகமாக மஞ்சள் வட்டம் ஒன்றை விட்டிருப்பீர்கள்.

ஆனால் திணிவுக்குப் பச்சை வட்டமும் மஞ்சள் வட்டமும் ஒன்றுதான், இரண்டுமே 162.05. அது பிணைப்பையும் சொல்லாது. சியாலிக் அமிலம் கலக்டோஸில் அல்பா 2,3 ஆகவா 2,6 ஆகவா சேர்ந்திருக்கிறது என்பது சிறிய விஷயம்போலத் தெரியும். மனித இன்புளுவென்சா வைரஸ் பிடித்துக்கொள்வது 2,6 ஐ, பறவைக் காய்ச்சல் வைரஸ் விரும்புவது 2,3 ஐ. ஹம்ஸ்டர் கலங்களில் செய்த மருந்தில் 2,3 மட்டும்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க அல்பா 2,3 ஐ மட்டும் வெட்டும் சியாலிடேஸ் நொதியத்தைப் போட்டுவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். 2222.78 அப்படியே நின்றால் இரண்டும் 2,6. 1931.69 க்கு இறங்கினால் ஒன்று மட்டும் 2,3. 1640.59 க்கு இறங்கினால் இரண்டுமே 2,3. தாளில் அந்தந்தக் கோட்டின் மேல் எண்ணை எழுதிவிடுங்கள்.